முதலில் விளையாட்டு, பிறகு பேச்சு

அத்தியாயம் 4: பிள்ளைகளின் கோபம், பயம், அழுகையை விளையாட்டின் வழியே ஆற்றுவது

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நாள்தோறும் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். அங்கன்வாடிப் பணியாளர், தொடக்கப்பள்ளி ஆசிரியர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கும் அக்கா என யாராக இருந்தாலும் இதில் உள்ளதைச் செய்துபார்க்கலாம். தனிப்படிப்போ விலையுயர்ந்த பொம்மையோ வேண்டாம்.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டபோது, வகுப்பு நேரம் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் என்று வைத்தார்கள். டியூஷன் நேரமும் பெரும்பாலும் அதுதான். பகல் முழுக்கப் பள்ளியில் அடங்கி உட்கார்ந்த பிள்ளை பசியோடும் களைப்போடும் வந்து சேரும் நேரம் அது. பென்சில் முனை உடைந்தாலே அழுகை வரும். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை பட்டாலே அடிதடி. அந்த நேரத்தில் எதை முதலில், எதை அடுத்து, எதைக் கடைசியில் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஏன் விளையாட்டு?

கொதித்துப்போயிருக்கும் பிள்ளையின் காதில் அறிவுரை ஏறாது. முதலில் உடம்பு தணிய வேண்டும், அதற்குப் பிறகுதான் பேச்சு. பிள்ளையின் உடம்பு தானாக விரும்பித் தணிகிற வழி விளையாட்டு.

இரண்டு ஆய்வுகளை மட்டும் நினைவில் வையுங்கள். சோவியத் ஆய்வாளர் மனுயிலென்கோ 1948இல் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொன்னார். வெறுமனே ‘நில்’ என்றபோது நின்றதைவிட, ‘நீதான் காவல்காரர்’ என்று வேடம் கொடுத்தபோது பிள்ளைகள் கூடுதல் நேரம் நின்றார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டாமினி, மெக்லெலண்ட் இருவரும் பாலர் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ‘நில்–போ’ வகை விளையாட்டுகளை விதியை மாற்றி மாற்றி ஆடவைத்தார்கள். தொடக்கத்தில் தங்களை அடக்கிக்கொள்ளச் சிரமப்பட்ட பிள்ளைகள் அதனால் முன்னேறியதை 2011இல் பதிவு செய்தார்கள்.

அடங்கு என்று சொல்லி வராத அடக்கம், ஆடவிட்டால் வருகிறது. ஆனால் அதை அமைதியான நாளிலேயே பழக்கிவைக்க வேண்டும்.

தொடங்குமுன் தயாராக வைக்க வேண்டியவை

- ஒரு பாய் விரித்த மூலை. தண்டனைக்கு அனுப்பும் இடமாக அது ஒருபோதும் ஆகக் கூடாது. பிள்ளை தானாகப் போய் உட்காரலாம், நீங்களும் போய் உட்காரலாம்.
- ஒரு பழைய தலையணை, ஒரு நீளக் கயிறு.
- பனையோலைக் காற்றாடி அல்லது காகிதக் காற்றாடி நாலைந்து.
- பல்லாங்குழியும் புளியங்கொட்டையும். 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.
- ஈரத் துணியில் சுற்றிய களிமண். இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.
- குடிதண்ணீரும், கொறிக்க வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ. பசித்த பிள்ளைக்கு முதல் மருந்து சாப்பாடுதான். 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். வாழைப்பழம் போதும்.

கொதிப்பு ஏறிய நேரத்தில்: 7 படிகள்

வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலானோர் ஏழாவது படியிலிருந்து தொடங்குவதால்தான் பலன் கிடைப்பதில்லை.

1. முதலில் நீங்கள் நிதானமாகுங்கள். ஒரு நீண்ட மூச்சை வெளியே விடுங்கள். தோள்களைத் தளர்த்துங்கள். குரலைத் தாழ்த்துங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை நிலைமையை அளக்கும்.

2. ஆபத்தை அகற்றுங்கள். கல், கத்தரிக்கோல், காம்பஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். அடிதடியானால் இருவருக்கும் நடுவில் நில்லுங்கள். “அடிக்க விடமாட்டேன்” என்று ஒரே ஒரு முறை, உறுதியாக, கத்தாமல் சொல்லுங்கள்.

3. தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பேசினால் மிரட்டலாகத் தெரியும். நேர் எதிரே வேண்டாம், பக்கவாட்டில் ஒரு கை தூரத்தில் உட்காருங்கள்.

4. உணர்ச்சியை ஒரே வரியில் சொல்லுங்கள். “கோவமா வருது, இல்ல?” அவ்வளவு போதும். “ஏன் இப்படிப் பண்ற?” என்று இப்போது கேட்காதீர்கள். ஏன் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

5. உடம்புக்கு ஒரு விளையாட்டு வேலை கொடுங்கள். இரண்டைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்: “சுவத்த தள்ளுற யானையா வரியா, தலகாணிக்குக் குத்து விடுறியா?”

6. வேகத்தைப் படிப்படியாக இறக்குங்கள். தள்ளிய யானை மெதுவாக நடக்கட்டும், நடந்த யானை தண்ணீர் குடிக்கட்டும், தண்ணீர் குடித்த யானை உட்காரட்டும். விளையாட்டை உச்சத்தில் சட்டென்று நிறுத்தினால் கொதிப்பு திரும்பி வரும்.

7. பிறகு பேசுங்கள். மூச்சு சீராகி, பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கியதும் மூன்றே கேள்விகள்: என்ன நடந்தது? யாருக்கு வலித்தது? இப்போது எப்படிச் சரிசெய்யலாம்? கிழித்த தாளை ஒட்டுவது, தள்ளிவிட்ட தம்பிக்குத் தண்ணீர் கொடுப்பது போன்ற ஒரு செயலில் முடியுங்கள். வற்புறுத்தி வாங்கும் ‘சாரி’ வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு

பல்லாங்குழி நடக்கிறது. ஏழு வயதுப் பையனின் குழிகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. எதிரே இருப்பவள் சிரிக்கிறாள். அவன் பலகையை உதைக்கிறான், புளியங்கொட்டைகள் திண்ணை முழுக்கச் சிதறுகின்றன.

“எடுத்து வை!” என்று அதட்டினால் அவன் வெளியே ஓடுவான். அதற்குப் பதிலாக அக்கா தரையில் உட்கார்கிறார்.

“தோத்துப் போனா எரிச்சலாத்தான் இருக்கும்.”

பையன் பேசவில்லை. அக்கா ஒரு கொட்டையை விரலால் தொட்டு, திடுக்கிட்டவர் போலக் கையை இழுக்கிறார்.

“ஐயய்யோ, இது கொட்டையில்ல, கட்டெறும்பு! எல்லாம் தப்பிச்சு ஓடுது. நீ அந்தப் பக்கம் மடக்கு தம்பி, நான் இந்தப் பக்கம் மடக்குறேன்.”

அவன் முதலில் ஒன்றைக் காலால் தள்ளுகிறான். பிறகு குனிந்து பொறுக்குகிறான். கடைசிக் கொட்டை கதவுக்குப் பின்னால் கிடைக்கும்போது அவன் மூச்சு சீராகியிருக்கிறது. அப்போதுதான் அக்கா கேட்கிறார்: “பலகைய உதைச்சதுல அவ கால்ல பட்டுச்சே, பாத்தியா? என்ன பண்ணலாம்?”

இதில் மூன்றைக் கவனியுங்கள். பொறுக்கும் வேலை தள்ளுபடியாகவில்லை. ஏமாந்தவராக நடித்தவர் அக்கா, கேலிக்கு ஆளானது பிள்ளை அல்ல. பேச்சு கடைசியில் வந்தது.

பெரியவர் தன்னை முட்டாளாக்கிக்கொள்ளும்போது பிள்ளை பலசாலியாகிறது. புதுச்சேரியில் ‘ஆழி’ குழுவை நடத்தும் வேலு சரவணனின் குழந்தை நாடகங்களைப் பார்க்க வாய்த்தால் பாருங்கள். பார்க்க வந்த பிள்ளைகளை ஒரு பெரியவர் எப்படித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார் என்பதை நேரில் கற்கலாம்.

விளையாட வர மறுத்தால்

1. இரண்டாம் முறை அழைக்காதீர்கள்.
2. அங்கேயே, சற்றுத் தள்ளி உட்கார்ந்து நீங்களே எதையாவது செய்யத் தொடங்குங்கள். களிமண்ணை உருட்டலாம், புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கலாம்.
3. பிள்ளை எட்டிப்பார்த்தால், ஒரு கைப்பிடி மண்ணைப் பேசாமல் நடுவில் வையுங்கள்.
4. அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பதே போதும்.

எந்த உணர்ச்சிக்கு எந்த விளையாட்டு

*கோபம்:* தசைகளுக்கு வேலை கொடுங்கள். கயிறு இழுத்தல், சுவரைத் தள்ளுதல், சிறு குடத்தில் தண்ணீர் சுமந்து செடிக்கு ஊற்றுதல். கோடைக்காலமானால் நுங்கு வண்டி ஓட்டுதல். அதன் பிறகு கபடிப் பாட்டு: ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் பாடிக்கொண்டே நடக்க முடிகிறது என்று பாருங்கள். நீளமாக மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு தணியும். பிள்ளையிடம் அந்த விளக்கம் தேவையில்லை.

*பயம்:* பெரிய மூச்சு, சிறிய மூச்சு என்று காற்றாடியை மெல்லச் சுற்றவைப்பது நல்ல தொடக்கம். இடி, புயல் பயத்துக்கு நடிப்பு உதவும். கடலூர் மாவட்டம் 2004 சுனாமியையும் 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயலையும் 2024இல் ‘ஃபெஞ்சல்’ புயலின் வெள்ளத்தையும் பார்த்தது. இப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு பிள்ளைகள் வீடு இடிவது போலவும் வெள்ளம் வருவது போலவும் திரும்பத் திரும்ப விளையாடுவார்கள். தடுக்காதீர்கள், அவர்கள் மனதை ஆற்றிக்கொள்ளும் வழி அது. ஒரே காட்சியில் சிக்கிக்கொண்டு மேலும் பதறினால் மட்டும் நீங்கள் ஒரு பாத்திரமாக உள்ளே நுழையுங்கள்: “நான் படகு ஓட்டுறவன், யாரையெல்லாம் ஏத்தணும்?”

*தோல்வி அழுகை:* வாரத்தில் சில முறை எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கும் விளையாட்டு வையுங்கள். ஒரு துணியின் நான்கு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ள பந்து விழாமல் திண்ணையைச் சுற்றி வருவது ஒன்று. பிறகு சிறிய தோல்விகளைப் பழக்குங்கள்: நீங்கள் தோற்று, “ச்சே! சரி, அடுத்த ஆட்டம்” என்று சொல்லிக் காட்டுங்கள்.

*ஒதுங்கி இருத்தல், வெட்கம்:* கூட்டத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். நிழல் விளையாட்டு, கைப்பொம்மை, ‘நான் செய்வதை நீ செய்’ போன்றவை நல்லவை. பிள்ளை செய்வதை நீங்கள் செய்வது அதைவிட நல்லது.

*அடங்காத துள்ளல்:* காவல்காரர் விளையாட்டு. ஒருவர் பீரங்கிக் கோட்டையின் காவலர், மற்றவர்கள் சிரிக்கவைக்க முயல வேண்டும், தொடக் கூடாது. பாண்டி விளையாட்டில் ஒற்றைக் காலில் நின்று கல்லை எடுப்பதும் இதே வேலையைச் செய்யும்.

களிமண் நேரம்: அரை மணி நேரம்

பீங்கான் தொழில் உள்ள விருத்தாசலம் வட்டாரத்தில் மண்ணும் பொம்மையும் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கொலுப் பொம்மையும் அகல் விளக்கும் செய்பவர்களின் பிள்ளைகளும் உங்களிடம் வரலாம். ஈரக் களிமண் கோபத்தையும் தாங்கும், பயத்தையும் தாங்கும். எவ்வளவு குத்தினாலும் அதற்கு வலிக்காது.

1. மண்பாண்டம் செய்பவர்களிடம் மிதித்துப் பக்குவமாக்கிய மண் கேளுங்கள். கல், கண்ணாடித் துண்டு, முள் இருக்கிறதா என்று நீங்களே பிசைந்து பாருங்கள்.
2. ஒரு பிள்ளைக்கு ஒரு தேங்காய்மூடி அளவு கொடுங்கள். கீழே பழைய சாக்கு விரியுங்கள்.
3. முதல் 5 நிமிடம் எதுவும் செய்யச் சொல்லாதீர்கள். குத்தட்டும், பிய்க்கட்டும், அறையட்டும்.
4. அடுத்த 5 நிமிடம் உருட்டல். நீளப் பாம்பு, பிறகு சின்ன உருண்டை. அசைவு சிறிதாகச் சிறிதாக மனமும் தணியும்.
5. அடுத்த 10 நிமிடம்: “உன் கோவத்துக்கு ஒரு மூஞ்சி செய். பல்லு இருக்குமா? கொம்பு இருக்குமா?” அன்றைக்குப் பயம் என்றால் பயத்துக்கு முகம். அது என்ன சாப்பிடும், எங்கே தூங்கும் என்று அந்த உருவத்தைப் பற்றியே கேளுங்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டாம். பிள்ளை தன்னைப் பற்றித் தானே சொல்லும்.
6. அடுத்த 5 நிமிடம்: உருவத்தை என்ன செய்யலாம் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். வைத்துக்கொள்ளலாம், நசுக்கலாம், வேறொன்றாக மாற்றலாம்.
7. கடைசி 5 நிமிடம்: எல்லோரும் சேர்ந்து மண்ணை ஒரே உருண்டையாக்கி ஈரத் துணியில் சுற்றுங்கள். கை கழுவுதல் ஒரு விளையாட்டாகட்டும்.

குறிப்பு: ‘எது அழகு’ என்று போட்டி வைக்காதீர்கள். பொம்மைக்கு மதிப்பெண் வந்த அந்த நிமிடமே களிமண்ணின் ஆற்றும் குணம் போய்விடும்.

எச்சரிக்கை: பட்டறைப் பொருள் பிள்ளைகளுக்கு ஆகாது

- பீங்கான் மண் கலவையின் உலர்ந்த தூளில் சிலிக்கா உண்டு. அதைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலைக் கெடுக்கும். களிமண்ணை எப்போதும் ஈரமாகவே கொடுங்கள். சிந்தியதை விளக்குமாற்றால் பெருக்காமல், ஈரத் துணியால் துடையுங்கள்.
- அச்சில் ஊற்றும் கரைசலில் சோடியம் சிலிக்கேட் சேர்ப்பதுண்டு. பளபளப்புப் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் இருக்கலாம். இரண்டும் வேண்டாம்.
- பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலவையில் பிள்ளையின் கையை அமுக்கி அச்சு எடுக்காதீர்கள். இறுகும்போது அது சூடேறி, கையைச் சுட்டுவிடும். கை அச்சு வேண்டுமானால் களிமண்ணில் எடுங்கள்.
- உடைந்த பீங்கான் ஓடு கண்ணாடியைப் போல வெட்டும். ஓடிப் பிடிக்கும் விளையாட்டுக்கு முன் தரையைப் பாருங்கள்.
- கையில் புண் இருக்கும் பிள்ளைக்கு மண் வேண்டாம். மண் தின்னும் பழக்கம் உள்ள பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். இரத்தசோகை இருக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- கேலியை விளையாட்டு என்று நினைப்பது. “அழுமூஞ்சி வந்துட்டான்” என்று சொல்லி மற்றவர்களைச் சிரிக்கவைப்பது விளையாட்டல்ல. அழும் பிள்ளை சிரிக்கவில்லை என்றால் அது உடனே நிற்க வேண்டும்.
- செல்போனைக் கொடுத்து அடக்குவது. அழுகை நிற்கும், தணியும் பழக்கம் வளராது.
- விளையாட்டைப் பிடுங்கித் தண்டிப்பது. மிகவும் முரண்டு பிடிக்கும் பிள்ளைக்குத்தான் அது மிகவும் தேவை.
- உச்சத்தில் புது விளையாட்டு சொல்லித்தருவது. பழகிய விளையாட்டு மட்டுமே அப்போது கைகொடுக்கும்.
- விளையாட்டால் வரம்பைக் கரைப்பது. ‘அடிக்கக் கூடாது’ என்பது விளையாட்டின் நடுவிலும் மாறாது.
- “இரண்டு தட்டினால் சரியாகும்” என்பது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அடி பயத்தை மட்டுமே கற்றுக்கொடுக்கும்.

பாதுகாப்பு விதிகள்

1. தொடுமுன் கேளுங்கள். ‘நண்டூருது’ போன்ற கூச்ச விளையாட்டுகளில் பிள்ளை ‘போதும்’ என்ற கணமே கையை எடுங்கள். சிரித்துக்கொண்டே ‘போதும்’ என்றாலும் போதும்தான்.
2. பூட்டிய அறையில் தனியாக ஒரு பிள்ளையோடு விளையாடாதீர்கள். மற்றவர் பார்வை படும் திண்ணையே நல்ல இடம்.
3. மூச்சை அடக்கும் போட்டி வேண்டாம். இளைப்பு உள்ள பிள்ளைக்குக் கபடிப் பாட்டைவிடக் காற்றாடி நல்லது, அதையும் மெதுவாக.
4. 5 வயதுக்குட்பட்டவர்கள் கையில் கோலியும் புளியங்கொட்டையும் எட்டக் கூடாது.
5. சத்தமும் தொடுதலும் தாங்காத பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கூட்ட விளையாட்டுக்கு இழுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.
6. விளையாட்டில் பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னாலோ நடித்துக் காட்டினாலோ விளையாட்டை மெல்ல நிறுத்திக் கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். “சொன்னது நல்லதாச்சு, உன்மேல தப்பில்ல” என்று சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் தெரிவிப்பது போக்சோ சட்டம் 2012இன்படி உங்கள் கடமை.
7. வாரக்கணக்கில் தூக்கமின்மை, சாப்பாடு மறுப்பு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவை இருந்தால் விளையாட்டு மட்டும் போதாது. 14416 மனநல உதவி எண்ணில் பேசுங்கள். உங்கள் மனம் களைத்துப்போனாலும் அதே எண்ணில் பேசலாம்.

முதல் வாரத் திட்டம்

- திங்கள்: பாய் மூலையை அமையுங்கள். பிள்ளைகளே அதற்கு ஒரு பெயர் வைக்கட்டும்.
- செவ்வாய்: ‘நில்–போ’ வட்ட விளையாட்டு. பச்சைத் துணிக்கு நட, சிவப்புத் துணிக்கு நில்.
- புதன்: அதே விளையாட்டு, விதியை மாற்றி. சிவப்புக்கு நட, பச்சைக்கு நில்.
- வியாழன்: காற்றாடி, கபடிப் பாட்டு.
- வெள்ளி: களிமண் நேரம்.
- சனி: பிள்ளைகள் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, அவர்களே நடத்தட்டும்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு கொதிப்புக்கும் மூன்றை மட்டும் குறியுங்கள்: எதில் தொடங்கியது, எந்த விளையாட்டு உதவியது, தணிய எவ்வளவு நேரம் ஆனது. அழுகையே வராமல் போவது இலக்கல்ல, பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள். முன்பு அரை மணி நேரம் பிடித்தது இப்போது பத்து நிமிடத்தில் தணிகிறதா, பிள்ளை தானாகவே பாய் மூலைக்குப் போகிறதா, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் காற்றாடியை எடுத்து நீட்டுகிறதா என்று பாருங்கள். முன்னேற்றத்தின் அடையாளங்கள் இவையே.

இத்தனையும் ஒரே நேரத்தில் முடியாது என்று தோன்றினால், செவ்வாய்க்கிழமை விளையாட்டை மட்டும் நாளைக்கே தொடங்குங்கள். பாடத்துக்கு முன் 10 நிமிடம், நாள் தவறாமல். பிள்ளைகள் அமைதியாக இருக்கும் நாளில் ஆடிப் பழகிய விளையாட்டுதான், அவர்கள் கொதிக்கும் நாளில் உங்களுக்குத் துணைக்கு வரும்.